தீ பற்றுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்

எங்கள் பண்ணையின் தீவனக் கொட்டகைக்குள் ஒரு விடியற்காலையில் நுழைந்தபோது முதலில் உணர்ந்தது ஒரு மணத்தைத்தான். சர்க்கரை கருகத் தொடங்கும்போது எழுவதைப் போன்ற, சற்றே இனிப்பான மணம். தகரக் கூரையின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் கோத்திருந்தன. அடுக்கி மூன்று வாரங்கள் ஆகியிருந்த உலர்புல் கட்டுகளின் இடுக்கில் கையை நுழைத்தேன். முழங்கை வரை போவதற்குள் சூடு தாங்காமல் வெளியே இழுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அருகில் அடுப்பும் இல்லை, மின்கம்பியும் இல்லை. புல் தனக்குத்தானே சூடேறிக்கொண்டிருந்தது.

முழுதாகக் காயாத புல்லைக் கட்டி அடுக்கும்போது இவ்வாறு நேர்கிறது. அறுத்த பின்னும் புல்லின் செல்கள் சிறிது காலம் சுவாசிக்கின்றன. தொடர்ந்து, எஞ்சியிருக்கும் ஈரத்தில் நுண்ணுயிர்கள் பெருகி வெப்பத்தை உண்டாக்குகின்றன. அடுக்கு எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு அந்த வெப்பம் வெளியேற வழியின்றி நடுவில் தேங்குகிறது. ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன என்றாலும், அதற்குள் தொடங்கிவிட்ட வேதிவினைகள் எவர் துணையுமின்றி வெப்பத்தை மேலும் உயர்த்துகின்றன. அடுக்கிய இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள்தான் இத்தகைய தீ பெரும்பாலும் மூள்கிறது. கட்டும் நேரத்தில் புல்லில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது. பெரிய உருளைக் கட்டுகளாக இருந்தால் இன்னும் குறைவாக இருக்க வேண்டும். வைக்கோல் அவ்வளவு எளிதில் சூடேறுவதில்லை. ஆனால் பச்சைக் களையோடு சேர்த்துக் கட்டினாலோ மழையில் நனைய விட்டாலோ அதையும் நம்ப முடியாது.

போரைப் பிரித்து ஆறவிட வேண்டும் என்பதே எனக்கு முதலில் தோன்றிய எண்ணம். பக்கத்துப் பண்ணையில் நெடுங்காலம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அன்று என்னைத் தடுத்திராவிட்டால், இந்தப் பதிவை எழுத நான் இருந்திருப்பேனா என்பது தெரியாது. உள்ளே கனன்றுகொண்டிருப்பது காற்றுக் கிடைக்காததால்தான் அடங்கியிருக்கிறது. ஒரு கட்டை உருவினாலே காற்றுப் புகுந்து அந்தக் கணமே சுடர்விட்டு எரியும். மேலே ஏறி நடப்பது அதைவிடக் கொடியது, ஏனெனில் உள்ளுக்குள் வெந்து குழிவிழுந்திருக்கும் போர், ஏறுபவரை அப்படியே விழுங்கிவிடும். தீயணைப்பு வீரர்கள் வந்து, நீர்க்குழாயைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, கட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். நடுவிலிருந்தவை கரிநிறமாக இருந்தன. அவற்றுள் சில, திறந்த வெளிக்கு வந்தவுடன் எங்கள் கண்ணெதிரே குப்பென்று பற்றிக்கொண்டன.

அந்தத் தீ அன்று காலையில் மூண்டது என்று நான் நினைக்கவில்லை. மேகம் கூடுகிறதே என்ற பதற்றத்தில், அரைகுறையாகக் காய்ந்த புல்லை ஒரு மாலைக்குள் கட்டி உள்ளே ஏற்றினோமே, அப்போதே நாங்கள் அதை மூட்டிவிட்டோம். இப்போது நீண்ட முனையுள்ள வெப்பமானியை வைத்து, அடுக்கிய முதல் ஆறு வாரங்களுக்குப் போரின் நடுவில் அளந்து எழுதி வைக்கிறோம். 55 டிகிரியை எட்டினால் நாள்தோறும் அளக்கிறோம். 65ஐ எட்டினால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை. 80ஐ நெருங்கினால் எதையும் தொடாமல் தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டும் என்பது முடிவு. வெப்பமானி இல்லாதவர்கள் இரும்புக் கம்பி ஒன்றைப் போருக்குள் செருகி, கால் மணி நேரம் விட்டு உருவிப் பார்க்கலாம். கம்பியைக் கையில் பிடிக்க முடியவில்லை என்றால் அதுவே போதுமான எச்சரிக்கை.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு பண்ணை முழுவதையும், இன்னும் மூளாத தீ எங்கெங்கே இருக்கிறது என்று தேடும் கண்ணோடு சுற்றி வந்தேன். மோட்டார் அறையில் எலி கடித்து உறை உரிந்த கம்பி இருந்தது; ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று யாரோ தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். ஃபியூஸ் போவதே கம்பி எரியாமல் இருப்பதற்காகத்தான் என்பதை வேலையாட்கள் அனைவருக்கும் சொல்லிப் புரியவைத்தோம். டிராக்டரின் சைலன்சரைச் சுற்றிலும் அறுவடை இயந்திரத்தின் பேரிங்குகளைச் சுற்றிலும் படியும் தூசும் பதரும் நாள்தோறும் துடைக்கப்பட வேண்டும். எஞ்சின் ஆறுவதற்கு முன் டீசல் ஊற்றவோ, வண்டியைத் தீவனக் கொட்டகைக்குள் நிறுத்தவோ கூடாது. வெல்டிங் பொறி பத்து மீட்டருக்கும் மேல் தெறிக்கும். வேலை முடிந்த பின்னும் ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே இருந்து கண்காணிக்க வேண்டும். பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: நீற்றாத சுண்ணாம்பின் மீது மழைநீர் ஒழுகினால், பக்கத்திலுள்ள சாக்கையும் வைக்கோலையும் பற்றவைக்கும் அளவுக்கு அது கொதிக்கும்.

உரக் கிடங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமோனியம் நைட்ரேட் தானாக எரிவதில்லை. ஆனால் அருகில் எரிவதற்கு ஆக்சிஜனை வழங்கி அதை வளர்க்கும், அடைபட்ட இடத்தில் சூடேறினால் வெடிக்கவும் செய்யும். 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள வெஸ்ட் என்னும் சிற்றூரில் உரக் கிடங்கு ஒன்று தீப்பிடித்து வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தீயை அணைக்கச் சென்றவர்கள். டீசல், வைக்கோல், மரத்தூள் ஆகியவற்றை உரத்தோடு ஒரே கூரையின் கீழ் வைப்பதை நாங்கள் அடியோடு நிறுத்திவிட்டோம். பூச்சிக்கொல்லிகளுக்கும் தனி அறை. அவை எரியும் புகை நஞ்சு என்பது ஒருபுறமிருக்க, அணைக்கப் பயன்படுத்திய நீர் வழிந்து கிணற்றில் கலந்தால் தீ போன பிறகும் கேடு போகாது.

எனக்கு மிகுந்த கவலை தந்தது மாட்டுத் தொழுவம். கட்டி வைத்திருக்கும் உயிரினம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. அதைக் கட்டியவர்கள் நாம் என்பதால் அதற்கான பொறுப்பும் நம்முடையதே. மாடு இழுத்துத் திமிறத் திமிற, சாதாரண முடிச்சு இறுகுமே தவிர அவிழாது. ஆகவே கயிற்றின் வால்முனையை ஓர் இழுப்பு இழுத்தவுடன் கழன்றுகொள்ளும் முடிச்சையே இப்போது எல்லாரும் போடுகிறோம். நைலான் கயிறு உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பருத்திக் கயிற்றுக்கு மாறினோம். கதவருகே ஓர் அரிவாள் எப்போதும் தொங்குகிறது. அவிழ்த்துவிட்டால் போதும், ஓடிவிடும் என்று எண்ணுவதும் தவறு. அச்சத்தில் மாடு தனக்குப் பழகிய இடத்தையே தேடும். எரியும் தொழுவத்துக்குள்ளேயே திரும்ப ஓடும். எனவே காற்று எந்தத் திசையிலிருந்து வீசினாலும், அது வரும் பக்கமாகவே கொண்டுபோய் அடைப்பதற்கு வாய்ப்பாக, வேலியும் படலும் உள்ள இரண்டு அடைப்புகளை எதிரெதிர்ப் பக்கங்களில் அமைத்தோம். மந்தையில் முன்னே செல்லும் பசுவை முதலில் நடத்திக்கொண்டு போனால் மற்றவை பெரும்பாலும் பின்தொடரும். இத்தனைக்கும் மேலாக, கூரை பற்றிவிட்டால் எவரும் உள்ளே போகக்கூடாது என்ற விதியும் உண்டு. அதை வேலையாட்களிடம் சொல்லும்போது என் குரல் தடுமாறியது. ஆனால் சொல்லாமல் விடக்கூடிய விதி அல்ல அது.

தீவனக் கொட்டகையைத் தொழுவத்திலிருந்து முப்பது மீட்டர் தள்ளிப் புதிதாகக் கட்டினோம். இரண்டையும் சுற்றிப் பத்து மீட்டருக்குக் காய்ந்த புல்லும் சருகும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம். தீயணைப்பான்கள் கதவருகே இருக்கின்றன. 6 கிலோ உலர்தூள் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதால், வெளியேறும் வழியை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு, சுடரின் அடிப்பகுதியை நோக்கி அடிக்க வேண்டும்; ஒன்று தீர்ந்தும் அடங்காவிட்டால் வெளியே வந்துவிட வேண்டும். எரியும் டீசலிலும் மின்சாரம் பாயும் கருவியிலும் நீரை ஊற்றக்கூடாது. தீயின்போது முதலில் துண்டிக்க வேண்டியது மின்சாரம் என்பதால் மின்மோட்டாரை நம்ப முடியாது. தொட்டியருகே டீசல் பம்பு ஒன்றை நிறுத்தி, வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறோம். தீப்புண்ணுக்கு ஓடும் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் விட வேண்டும், பனிக்கட்டி கூடாது என்பதை முதலுதவிப் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

அழைப்பவர் பதற்றத்தில் வழி சொல்லத் திணறுவார். பண்ணையின் இருப்பிடக் குறியீடு, முதன்மைச் சாலையிலிருந்து திரும்ப வேண்டிய இடம், டீசலும் உரமும் எரிவாயு உருளையும் எங்கே இருக்கின்றன என்ற விவரம் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி மூன்று இடங்களில் மாட்டியுள்ளோம். நீர் நிரம்பிய தீயணைப்பு வண்டியின் எடையை வாய்க்கால் பாலம் தாங்குமா, வண்டி திரும்புவதற்கு இடம் இருக்கிறதா என்பவற்றைத் தீயணைப்பு நிலையத்தாரை அழைத்துக் காட்டியே உறுதி செய்துகொண்டோம்.

முதல் ஒத்திகையில் ஒன்பது மாடுகளையும் அவிழ்த்து அடைப்புக்குள் சேர்க்க எங்களுக்குப் பதினொரு நிமிடம் பிடித்தது. முடிச்சுகளை மாற்றி, உள்ளே திறந்துகொண்டிருந்த கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி அமைத்த பிறகு நான்கு நிமிடமாகக் குறைந்திருக்கிறது. இரண்டுமே பகல் வெளிச்சத்தில் செய்தவை. அடுத்த ஒத்திகையை நள்ளிரவில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல் நடத்தவிருக்கிறேன்.