தனியே நிற்கும் கொம்பு

பாட்டி சொன்ன கதைகளையும் சமையல் குறிப்புகளையும் 2005-ல் பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவில், தட்டி வைத்திருந்தேன். அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றி இங்கே பகிர வேண்டும் என்று மூன்று ராத்திரியாக உட்கார்ந்திருக்கிறேன். கோப்பைத் திறந்தால் 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆங்கில எழுத்து, நடுவில் ஓர் அரைப்புள்ளி. பாமினியில் அந்த அரைப்புள்ளிதான் 'ம்'-இன் தலையில் உட்காரும் புள்ளி!

சரி, எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தேன். பெரும்பாலும் நன்றாகவே வந்தது. கொம்புதான் படுத்தி எடுக்கிறது. பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைதான்: முதலில் கொம்பு, பிறகு எழுத்து, கடைசியில் கால். ஒருங்குறியில் எழுத்து முந்தி வர வேண்டும், கொம்பும் காலும் அதன் பின்னால். நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் போதும், கொம்பு மட்டும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியே நிற்கும். 'தக்காளித் தொக்கு' அப்படித்தான் நின்றது. மகள் எட்டிப் பார்த்து, "அது என்னப்பா, அப்பளமா?" என்றாள். வீடே சிரித்தது. எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்புறம் 'ஔ'. பல இடங்களில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக இருந்தது. பார்வைக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, தேடினால்தான் அகப்படாது. பாட்டியின் ஔவையார் கதை அப்படித்தான் ஒளிந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினேன். அவள் சொன்ன ஒரு கதைகூட யாராவது தேடும்போது கிடைக்காமல் போகக் கூடாது.

உப்புக்கு அளவு கேட்டால் "கை சொல்லும்" என்பாள் பாட்டி. அதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். தொக்கு நாளைக் காலை வரும்.