‘நான் ஒண்ணும் கத்துக்கலையே’: பெரியவர்களின் கற்றலை ஆய்வுக்கு எடுப்பவர்களுக்கு

வம்பு பெயரிலேயே தொடங்கிவிடும். ஆய்வில் பங்கேற்பவருக்குக் கொடுக்கும் தகவல் தாளில் ‘முதியோர் கல்வி ஆய்வு’ என்று அச்சடித்துக் கொடுத்தால், 35 வயதுக்காரர் “நான் என்ன கிழவனா?” என்று சிரித்துவிட்டுத் திருப்பித் தருவார். ‘வயதுவந்தோர் கல்வி’ என்றாலோ, எழுத்தறிவு வகுப்புக்கு ஆள் பிடிக்க வந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். துறையின் பெயர் ஆய்வேட்டின் அட்டையில் இருக்கட்டும். எதிரில் இருப்பவரிடம் “வேலைக்கும் வீட்டுக்கும் வேண்டியதைப் பெரியவங்க எப்படிப் பழகிக்கிறாங்கன்னு பாக்குறோம்” என்றாலே போதும்.

இந்தத் துறையில் படிப்பு எல்லோருக்கும் அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸில்தான் தொடங்குகிறது. பெரியவர்கள் தங்கள் கற்றலைத் தாங்களே நடத்திக்கொள்வார்கள், கையிலிருக்கும் அனுபவத்தின் மேல் கட்டுவார்கள், உடனடித் தேவைக்காகக் கற்பார்கள் என்ற பட்டியல் முதல் வாரத்திலேயே மனப்பாடமாகிவிடும். ஆபத்தும் அங்கேதான். அவை நோல்ஸ் முன்வைத்த அனுமானங்கள். சோதித்துப் பெற்ற முடிவுகள் அல்ல. அவருடைய நூலின் 1970 பதிப்பில் துணைத்தலைப்பு ‘ஆண்ட்ரகோஜி எதிர் பெடகோஜி’ என்ற பொருளில் இருந்தது (ஆண்ட்ரகோஜி பெரியவர்களுக்குக் கற்பிக்கும் முறை, பெடகோஜி குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறை). 1980 பதிப்பில் அது ‘பெடகோஜியிலிருந்து ஆண்ட்ரகோஜிக்கு’ என்று மாறியது. பெரியவருக்கு ஒன்று, குழந்தைக்கு வேறொன்று என்று பிரித்த கோட்டை அவரே அழித்துவிட்டார். பழைய பதிப்பை மட்டும் மேற்கோள் காட்டி எழுதிய முன்மொழிவு வாய்மொழித் தேர்வில் சிக்குவது இந்த இடத்தில்தான். பொருளுக்கே புதியவரான பெரியவர் ‘முதல்ல என்ன செய்யணும்னு சொல்லுங்க’ என்றுதான் கேட்பார். அதைத் தன்னார்வக் குறைவு என்று குறிப்பேட்டில் எழுதினால், நீங்கள் பார்ப்பது ஆளை அல்ல, கோட்பாட்டை.

கற்பவரைப் ‘பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர்’ என்று பிரிக்கும் வினாத்தாளைக் கருவியாக எடுக்கவே வேண்டாம். அந்த வகைப்படி கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள்.

நேர்காணலுக்கு வருவோம். பெரும்பாலான ஆய்வுகள் வீணாவது இங்கேதான். “சமீபத்தில் என்ன கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் “ஒண்ணும் இல்லைங்க” என்பார்கள். பொய்யல்ல. ‘கற்பது’ என்ற சொல்லுக்கு அவர்கள் மனத்தில் வகுப்பறை, ஆசிரியர், சான்றிதழ் மூன்றும் வேண்டும். 1971இல் வெளியான ஆலன் டஃப் ஆய்வின் பலமே இதைக் கையாண்ட விதம். அவர் 66 பேரிடம் நீண்ட நேர்காணல் நடத்தினார். பெரியவர்கள் கற்கும் விஷயங்களின் பட்டியலைக் கையில் கொடுத்து, நிதானமாக நினைவுபடுத்த வைத்தார். ஆறு மாதத்துக்குள் குறைந்தது 7 மணி நேரமாவது செலவழித்த முயற்சியைத்தான் ‘கற்றல் திட்டம்’ என்று எண்ணினார். அப்படிக் கேட்டபோது ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரி எட்டுத் திட்டங்கள் தேறின, பெரும்பாலும் ஆசிரியரே இல்லாமல்.

தமிழில் இதற்கு வினைச்சொல்லை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்: ‘பழகினது’, ‘பிடிபட்டது’, ‘கைவந்தது’, ‘கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது’. ஒரு மாதிரி உரையாடல்:

“போன ஆறு மாசத்துல புதுசா எதாவது பழக வேண்டி வந்துச்சா?”
“கணக்கெல்லாம் எக்செல்லுக்கு மாத்தினோம். அவ்வளவுதான்.”
“முதல் நாள் எங்க மாட்டிக்கிட்டீங்க?”
“கூட்டல் தப்பா வந்துச்சு. கடைசி வரிக்குக் கீழ ஒரு வரி சேத்திருந்தேன், அது கூட்டல்ல சேரல.”
“அப்ப யாரைக் கேட்டீங்க?”
“யாரையும் கேக்கல. பழைய நோட்டை வச்சு ஒவ்வொரு வரியா ஒத்துப் பாத்தேன்.”

அந்தக் கடைசி வரியில் தானே நடத்திக்கொள்ளும் கற்றல், முன் அனுபவம், பிழை திருத்தும் உத்தி மூன்றும் இருக்கின்றன. ‘ஏன்’ என்று கேட்டால் இது வராது. கொள்கைப் பேச்சுதான் வரும். ‘எங்கே, எப்போது, யாரை’ என்று கேளுங்கள். பதிலுக்குப் பின் ஐந்து விநாடி பேசாமல் இருப்பதும் ஒரு கருவிதான். புதிதாக நேர்காணல் செய்பவர்கள் அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள்.

கற்றல் ஒருவரின் பார்வையையே மாற்றிவிடும் என்று பேசும் ஜாக் மெசிரோவின் ‘உருமாற்றக் கற்றல்’ கோட்பாட்டை எடுப்பவர்களுக்கு வேறொரு பொறி. வாழ்க்கையை உலுக்கிய சம்பவம், பின் சுயபரிசோதனை, பின் புதிய பார்வை என்ற வரிசை எவருடைய கதைக்கும் பொருந்திவிடும். ஏனென்றால் திரும்பிப் பார்த்துப் பேசும் எவரும் கதையை அப்படித்தான் அடுக்குவார்கள். ஒரு தாளில் கோடு போட்டு, மாதங்களைக் குறித்து, சம்பவங்களை அவர்களையே அதில் வைக்கச் சொல்லுங்கள். ‘அன்னைக்கே மாறிட்டேன்’ என்பவர் கோட்டில் பழைய வழிக்கு நாலு முறை திரும்பிப் போயிருப்பது தெரியும்.

பதிவுக்கு எப்போதும் இரண்டு கருவிகள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் வாக்கிய இறுதிகள் காணாமல் போகும். தமிழில் எதிர்மறை நிற்பதே அந்த இறுதியில்தான். ‘தெரியும்’, ‘தெரியல’ இரண்டும் இரைச்சலில் ஒன்றாகிவிடும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஒதுக்குங்கள். பேச்சை எழுத்துத் தமிழாகத் திருத்தாதீர்கள். ‘பழகிடுச்சு’ என்பது தானாக நடந்ததைச் சொல்கிறது, ‘பழகிக்கிட்டேன்’ முயன்றதைச் சொல்கிறது. இரண்டையும் ‘கற்றுக்கொண்டேன்’ என்று சமன் செய்துவிட்டால் தரவின் உயிரே போச்சு. ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதினாலும் குறியீடு இடுவது, அதாவது பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் அது எதைப் பற்றியது என்று பெயரிடுவது, தமிழ் உரையின் மேல்தான் நடக்க வேண்டும். முதல் மூன்று நேர்காணல்களுக்கு இன்னொருவரையும் தனியே குறியீடு இடச் சொல்லி ஒப்பிடுங்கள். ஒத்துவராத இடங்களில் பெரும்பாலும் குற்றம் குறியீட்டின் வரையறையில் இருக்கும்.

‘பன்னிரண்டு பேர் போதும்’ என்று மேற்கோள் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2006இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 60 நேர்காணல்களை ஆராய்ந்து, முதல் பன்னிரண்டிலேயே கருப்பொருள்கள் ஏறக்குறைய நிறைந்துவிட்டதாக, அதாவது அதன்பின் புதிதாக அதிகம் வரவில்லை என்று காட்டினார்கள். ஆனால் அது ஓரளவு ஒரே தன்மையுள்ள குழு. கணக்கரும் தையல்காரரும் செவிலியரும் கலந்த உங்கள் பட்டியலுக்கு அந்த எண் தானாகப் பொருந்தாது.

கடைசியாக, நேர்காணலைப் பேசியவரிடமே சரிபார்க்கக் கொடுப்பது. முழு எழுத்துப்படியைக் கொடுத்தால் தன் பேச்சை அச்சில் பார்த்துக் கூசுவார்கள். ‘தெரியாம முழிச்சேன்’ என்பதை அடித்துவிட்டு ‘ஆரம்பத்தில் சில சிரமங்கள் இருந்தன’ என்று எழுதித் தருவார்கள். பெயரோ அடையாளமோ வேண்டாம் என்று அடித்தால் மறுபேச்சில்லாமல் நீக்குங்கள். மொழியைத் திருத்துவது வேறு சங்கதி. அதனால் ஒரு பக்கச் சுருக்கத்தை மட்டும் கொடுத்து, “இதுல நீங்க சொல்லாதது எதாவது இருக்கா?” என்று கேளுங்கள்.