ஜாமீன் கிடைத்த பிறகு 24 நாட்கள்

என் தம்பிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை ஜாமீன் கிடைத்தது. சிறை வாசலை விட்டு அவன் வெளியே வந்தது 24 நாட்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில். நீதிபதி ஜாமீன் கொடுத்துவிட்ட பிறகும் ஒருவன் மூன்று வாரத்துக்கு மேல் உள்ளேயே கிடக்க முடியும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் நடந்ததால் நம்புகிறேன். இதே நிலையில் நாளை நிற்கப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவன் வேலை பார்த்த கிடங்கில் செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. முதலாளி புகார் கொடுத்தார். வேலையாள் திருடினால் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள பிரிவில் வழக்கு. அவன் எடுத்தானா இல்லையா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். வழக்கு இன்னும் நடக்கிறது. எடுக்கவில்லை என்கிறான், நான் நம்புகிறேன். ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களில் காவல்துறை எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, கைது தேவையில்லை என்றால் அழைப்பாணை கொடுத்து விசாரிக்க வேண்டும், கைது செய்வதானால் அது ஏன் அவசியம் என்று எழுத்தில் காரணம் காட்ட வேண்டும் என்று 2014ஆம் ஆண்டிலேயே அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது அன்று எனக்குத் தெரியாது. மாலையில் வேலையிலிருந்தே அழைத்துப் போனார்கள். மறுநாள் 15 நாள் ரிமாண்ட். நடுவர் நீதிமன்றத்தில் போட்ட முதல் மனு தள்ளுபடி ஆனது. கைதான 19ஆவது நாள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தது.

அன்று மதியம் வக்கீல் போனில் சொன்னதும் அம்மா சாமி படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றிவிட்டார். நான் அவனுடைய சட்டையைத் துவைத்துப் போட்டேன். இரவுக்குள் வந்துவிடுவான் என்று நினைத்தோம்.

உத்தரவின் நகல் கைக்கு வந்தபோதுதான் நிபந்தனைகளைப் படித்தேன். 10,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு நபர் ஜாமீன். அவர்களில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும். வெளியே வந்த பிறகு தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. 10,000 ரூபாயைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை, கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்று நினைத்தேன். நான் மட்டுமல்ல, பெரும்பாலானவர்கள் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. அந்தப் பணத்தை யாரும் அன்று கட்டச் சொல்வதில்லை. அவன் வாய்தாவுக்கு வராமல் போனால் அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு என்று சொத்து உள்ள ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். கையில் பணம் இருந்தும் பயனில்லை, சொத்து இருக்கிறது என்று காட்டும் காகிதம் வேண்டும். எங்களிடம் இல்லாதது அதுதான்.

ரத்த சொந்தம் என்ற முறையில் நான் போனேன். ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படங்கள், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனேன். ஜாமீன்தாரரை ஏற்பது செஷன்ஸ் நீதிமன்றத்தில் அல்ல, வழக்கு இருக்கும் நடுவர் நீதிமன்றத்தில். அங்கே இருந்த எழுத்தர் ஒவ்வொரு காகிதமாகப் புரட்டி, வரி ரசீதில் வந்து நின்றார். ரசீதில் இருந்த பெயர் அப்பாவுடையது. அப்பா இறந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. அம்மாவும் நானும் தம்பியும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம், வருடம் தவறாமல் வரி கட்டுகிறோம், பெயரை மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "இறந்தவர் ஜாமீன் கொடுக்க முடியாது அம்மா" என்று சொல்லி ரசீதைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதில் தவறும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியில் என் தம்பிக்கு இன்னும் எத்தனை நாட்கள் கூடின என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சொத்து மதிப்புச் சான்று வாங்கி வந்தால் பார்க்கலாம் என்றார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். அது கிராம நிர்வாக அலுவலரிடம் போய், வருவாய் ஆய்வாளரிடம் போய், வட்டாட்சியரிடம் போய்ச் சேர வேண்டும். முதல் மேசையிலேயே வாரிசுச் சான்று கேட்டார்கள். வாரிசுச் சான்றுக்குத் தனி விண்ணப்பம். அதற்குள் எட்டு நாட்கள் போய்விட்டன.

பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் எங்கள் தாய்மாமா கேள்விப்பட்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். சொந்த வீடு, பட்டா, அவர் பெயரிலேயே வரி ரசீது. எந்தக் குறையும் இல்லாத காகிதங்கள். நீதிமன்ற வராந்தாவில் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை நின்றார். கடைசியில் வேறு மாவட்டத்து ஜாமீன்தாரர் வேண்டாம், உள்ளூர் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாமா ஒன்றும் பேசவில்லை. பட்டாவை நான்காக மடித்து, உறைக்குள் வைத்து, உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பஸ் நிலையம் வரைக்கும் கூடவே போனேன். "மாமா இருந்தும் பயன் இல்லாமல் போயிற்றே அம்மா" என்று மட்டும் சொன்னார்.

நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே எப்போதும் சிலர் நிற்பார்கள். முகத்தைப் பார்த்தே நமக்கு என்ன தேவை என்று தெரிந்துகொள்கிறார்கள். ஆளுக்கு 3,000 ரூபாய், இரண்டு பேர், காகிதங்கள் எல்லாம் சரியாக இருக்கும், நாளை மாலை தம்பி வீட்டில் இருப்பான் என்றார் ஒருவர். தம்பியை முன்பின் பார்த்திராத ஒருவர், அவன் ஓடிப்போக மாட்டான் என்று நீதிமன்றத்தில் உறுதி கொடுப்பாராம். இதற்கு முன் எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறீர்கள் என்று ஜாமீன்தாரர் உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதையும் மீறி இந்தத் தொழில் நடக்கிறது. அவனுக்காக உயிரையும் கொடுக்கத் தயாராக இருக்கும் அக்காவும் மாமாவும் செல்லாது, 3,000 ரூபாய்க்கு வரும் முன்பின் தெரியாதவர் செல்லும். அந்த இரவு நான் சரி என்று சொல்லிவிடும் நிலையில்தான் இருந்தேன். பொய்க் காகிதம் பின்னால் அவன் கழுத்துக்கே வரும் என்று அம்மா தடுத்தார்.

ஜாமீன் கிடைத்த பன்னிரண்டாவது நாள் சிறையில் மனு போட்டு அவனைப் பார்த்தேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், அந்தப் பக்கம் அவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதால் எதுவும் காதில் விழாது. "அக்கா, ஜாமீன் கிடைத்துவிட்டது என்கிறார்களே, பின் ஏன் விடவில்லை?" என்று கேட்டான். வரி ரசீது, வாரிசுச் சான்று என்று நான் கத்திக் கத்திச் சொன்னேன். அவனுக்குப் பாதிதான் கேட்டது. அவன் வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு, "நான் ஏதாவது தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டேனா?" என்றான். தன் தவறால்தான் விடவில்லை என்று பன்னிரண்டு நாட்களாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

வெளியே வந்ததும், வரிசையில் என் பின்னால் நின்ற ஒரு பெண் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னார். இலவசச் சட்ட உதவி என்பது வக்கீல் வைக்க வழியே இல்லாதவர்களுக்கு, அதுவும் பெயருக்கு, என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அந்த எண்ணத்தால் வீணாகப் போன நாட்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் அப்படியே. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். எங்கள் பழைய வக்கீலைக் குறை சொல்லவில்லை. ஜாமீன் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு நடப்பது குடும்பத்தின் பாடு என்றுதான் எல்லோரையும் போல அவரும் நினைத்தார்.

அங்கே எங்களுக்குக் கிடைத்த வக்கீல் வயதில் என்னைவிடச் சிறியவர். நான் சொன்ன கதையை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு ஒன்றை எடுத்துக் காட்டினார். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம். ஜாமீன் கொடுக்கும் நீதிமன்றம் அன்றோ மறுநாளோ உத்தரவைச் சிறைக் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஜாமீன் கிடைத்தும் ஏழு நாட்களுக்குள் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். வெளியே வந்த பிறகு ஜாமீன்தாரர்களைக் கொண்டுவருகிறேன் என்று கைதி கேட்டால், தகுந்த வழக்குகளில் தற்காலிக ஜாமீன் தரலாம். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே முன்வந்து பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்பது விடுதலையைத் தாமதப்படுத்தும் காரணங்களில் ஒன்று என்று அந்த உத்தரவே ஒப்புக்கொள்கிறது.

என் தம்பிக்கு ஏழு நாட்கள் எப்போதோ கடந்திருந்தன. அவன் பெயர் செயலாளருக்கு வந்து சேரவில்லை.

மாமாவைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னபோது வக்கீல் இன்னொரு தீர்ப்பைப் பற்றிச் சொன்னார். 1978ஆம் ஆண்டு, மோதி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஏழைக் கொத்தனார். அவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய அண்ணனோ தம்பியோ ஜாமீன் நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தக் கொத்தனாரை, ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் 1,000 ரூபாய் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னார். ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ மத்திய இந்தியாவின் பஸ்தாரிலோ டெல்லியின் சாந்தினி சவுக்கிலோ கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பில் கேட்டிருக்கிறார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் தீர்ந்திருக்க வேண்டிய கேள்வி. அதே 10,000 ரூபாய், அதே வேறு மாவட்டம், அதே வராந்தா. என் மாமா பட்டாவை மடித்துச் சட்டைக்குள் வைத்த காட்சி அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அழுகையை அடக்க முடியவில்லை.

சீர்திருத்தம் என்றால் புதிய சட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பிரிவு எண்கள் மாறின; எங்கள் வராந்தாவில் எதுவும் மாறவில்லை. ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டம் 2023ஆம் ஆண்டில் வந்தது. நல்ல திட்டம். ஆனால் என்னைப் போன்றவர்களுக்குத் தடையாக நிற்பது தொகை அல்ல. சொத்து இல்லாதவனின் சொல்லுக்கு மதிப்பில்லை என்ற எண்ணம்தான் தடை. 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். இவர்களில் ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர்களை முதலில் வெளியே கொண்டுவர ஒரு சட்டமும் தேவையில்லை. ஏழாவது நாள் ஒரு மின்னஞ்சல் போனால் போதும். அதை அனுப்பாவிட்டால் ஏன் அனுப்பவில்லை என்று கேட்க ஒருவர் வேண்டும்.

நிபந்தனையைத் தளர்த்தக் கோரி செஷன்ஸ் நீதிமன்றத்தில் மனு போட்டோம். நிபந்தனை விதித்த நீதிமன்றமோ அதற்கு மேலுள்ள நீதிமன்றமோதான் தளர்த்த முடியும், நடுவரிடம் கேட்டுப் பயனில்லை. 22ஆவது நாள் மனு எடுக்கப்பட்டது. வக்கீல் பேசியது ஐந்து நிமிடம்கூட இருக்காது. நீதிபதி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். சொத்துக் காகிதம் இல்லாமல் அக்காவின் ஜாமீனும் அவனுடைய சொந்தப் பத்திரமும் போதும் என்று உத்தரவிட்டார்.

மறுநாள் நடுவர் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டு, விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலைக் கணக்கெடுப்பு முடிந்திருந்தது. இனி காலையில்தான் என்றார்கள். அம்மாவும் நானும் சிறைக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு, கடைசிப் பஸ்ஸுக்குத்தான் எழுந்தோம். வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு வந்தான். கைதான அன்று போட்டிருந்த அதே சட்டை. இளைத்திருந்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் முதலில் பேசியது தன்னைப் பற்றி அல்ல. அவனுடைய அறையில் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பையன் இருக்கிறானாம். தம்பி உள்ளே போவதற்கு முன்பே அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டதாம். ஜாமீன் நிற்க இந்த ஊரில் அவனுக்கு ஒருவரும் இல்லை. திங்கட்கிழமை தம்பி காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டதும் இருவரும் வக்கீலைப் பார்க்கப் போனோம். பையனின் பெயரைச் சொன்னோம். தந்தை பெயர், வழக்கு எண் இரண்டும் வேண்டும் என்றார். தம்பிக்குத் தெரியவில்லை. சிறைக்குள் வாரந்தோறும் போகும் சட்ட உதவித் தன்னார்வலரிடம் கேட்டு வாங்குவதாகச் சொல்லி, பெயரைக் குறித்துக்கொண்டார். நேற்று போன் செய்தார். எண் கிடைத்துவிட்டது, வரும் புதன்கிழமை மனு எடுக்கிறார்கள்.