புதன்கிழமை வேதபாடம்

புதன்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு எங்கள் சபையில் வேதபாடம். இங்கே கேள்வி கேட்கலாம், அதனாலேயே ஞாயிறு ஆராதனையைவிட இது எனக்கு நெருக்கம். இப்போது வேதாகமத்தில் ரூத் புத்தகம் போகிறது. மொத்தமே 4 அதிகாரம், ஆனால் முதல் அதிகாரத்திலேயே மூன்று வாரம் நின்றுவிட்டோம். புருஷனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துவிட்டு பெத்லகேமுக்குத் திரும்புகிற நகோமி, இனி என்னை மாராள் என்று கூப்பிடுங்கள் என்கிறாளே, மாராள் என்றால் கசப்பு, கர்த்தர்மேல் அப்படி மனத்தாங்கல் வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டான். போன வருஷம் மகனை அடக்கம் பண்ணிய அக்கா ஒருவர், தேய்ந்துபோன வேதாகமத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே, "நானும் அப்படித்தான் சொன்னேன் தம்பி, அவர் என்னைத் தள்ளிவிடவில்லை" என்றார். கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை. அடுத்த புதன் இரண்டாம் அதிகாரம், நகோமியின் மருமகள் ரூத் கதிர் பொறுக்கப் போகிற போவாஸின் வயல்.