கல்லில் என்ன பெயர்? ஹாலிவுட் கல்லறைகளைத் தேடிப் போகும் முன்

திரையில் பார்த்த பெயரையே கல்லிலும் தேடினால் பழைய ஹாலிவுட் நட்சத்திரங்கள் பலரைக் கண்டுபிடிக்கவே முடியாது. சிறந்த நடிகைக்கான முதல் ஆஸ்கரை வாங்கிய ஜேனட் கெய்னரின் கல்லில் இருப்பது ‘ஜேனட் கெய்னர் கிரிகோரி’. நாட்டலி வுட், ‘நாட்டலி வுட் வாக்னர்’. பிங் கிராஸ்பியின் கல் ‘ஹாரி லிலிஸ்’ என்று தொடங்கும். மேரியன் டேவிஸை வைத்திருக்கும் வெள்ளை மண்டபத்தின் நெற்றியில் ‘டௌராஸ்’ என்ற குடும்பப் பெயர்தான் பெரிதாகத் தெரியும். அதனால் கிளம்பும் முன் ஒவ்வொருவருக்கும் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கல்லில் உள்ளபடி பெயர், கல்லறைத் தோட்டத்தில் பகுதியும் மனை எண்ணும், பக்கத்துக் கல்லறைகள் இரண்டின் பெயர்கள்.

மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் களத்தில் அதிகம் கைகொடுப்பது அதுதான். ‘ஃபைண்ட் எ கிரேவ்’ தளத்தில் பெரும்பாலான நட்சத்திரங்களுக்குப் படமும் மனை விவரமும் கிடைக்கும். சிலருக்கு ஜிபிஎஸ் புள்ளியும் இருக்கும். புள்ளியை ஏற்றியவர்கள் தன்னார்வலர்கள், கையில் இருந்ததோ செல்போன். சில மீட்டர் தள்ளிப் போனாலே, கற்கள் நெருக்கமாகத் தரையில் பதிந்திருக்கும் தோட்டத்தில் நீங்கள் மூன்று வரிசை தாண்டி நிற்பீர்கள். நிமிர்ந்து நிற்கும் கல்லோ சிலையோ பக்கத்தில் இருந்தால் முதலில் அதைப் பிடியுங்கள், அங்கிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். தளத்தில் உள்ள படத்தில் கல்லை மட்டும் பார்க்காமல் பின்னால் தெரியும் மரம், சுவர், சாலை வளைவையும் கவனியுங்கள்.

தொடங்க நல்ல இடம் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஹாலிவுட் ஃபாரெவர் கல்லறைத் தோட்டம். சான்டா மோனிகா புலவார்டில் 6000-ஆம் எண், பாரமவுண்ட் ஸ்டுடியோவுக்கு நேர் பின்புறம், 1899-இல் தொடங்கியது. நான்காம் எண் பஸ் வாசல் வழியாகவே போகும். நுழைந்ததும் பூக்கடையில் வரைபடம் வாங்கிக்கொள்ளலாம். வருகிறவர்களை வரவேற்கும் தோட்டம் இது. யாருடைய கல்லறை எங்கே என்று கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். அரை நாள் ஒதுக்குங்கள்.

குளத்தைச் சுற்றியுள்ள பகுதியை முதலில் முடித்துவிடுவது நல்லது. டைரோன் பவரின் கல்லறை, உட்காரும் பெஞ்சு வடிவில் இருப்பதால் தொலைவிலிருந்தே தெரியும். மேரியன் டேவிஸின் மண்டபமும் குளக்கரையில்தான். அடுத்து கதீட்ரல் மண்டபம். ருடால்ஃப் வாலன்டினோவின் சுவர்க் கல்லறை எண் 1205, உள்ளே கடைசியில் ஒரு பக்க நடைக்கூடத்தில் இருக்கிறது. 1926 ஆகஸ்ட் 23 அன்று 31 வயதில் அவர் இறந்தபோது அவருக்கென்று இடம் எதுவும் வாங்கியிருக்கவில்லை. அவரை நட்சத்திரமாக்கிய திரைக்கதை ஆசிரியர் ஜூன் மாத்திஸ் தனக்கு வைத்திருந்த இடத்தைத் தற்காலிகமாகக் கொடுத்தார். மறு ஆண்டே மாத்திஸும் இறந்துவிட, வாலன்டினோவைப் பக்கத்து மாடத்துக்கு மாற்றினார்கள். இன்றும் இருவரும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். வாலன்டினோவைப் பார்த்துவிட்டு மாத்திஸின் பெயரைப் படிக்காமல் திரும்பினால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 23 அன்று, அவர் உயிர் பிரிந்த நேரமான 12.10-க்கு அங்கே நினைவுக் கூட்டம் நடக்கும். அன்று நெரிசலாக இருக்கும்; கல்லறையை அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் வேறொரு நாள் போங்கள்.

மண்டபத்துக்கு வெளியே, பள்ளத்தில் இறங்கும் தோட்டமும் நீண்ட நீர்த்தொட்டியும் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸுக்கு உரியவை, மகனும் அங்கேயே. ஜூடி கார்லண்டைத் தேடுகிறவர்கள் பழைய புத்தகங்களை நம்ப வேண்டாம். 1969-இல் அவரை அடக்கம் செய்தது நியூயார்க் மாநிலத்து ஹார்ட்ஸ்டேலில், ஃபெர்ன்கிளிஃப் கல்லறைத் தோட்டத்தில். 2017-இல்தான் பிள்ளைகள் ஹாலிவுட் ஃபாரெவருக்குக் கொண்டுவந்தார்கள்.

இங்கே ஏமாறக்கூடிய இடமும் ஒன்று உண்டு: உடல் இல்லாத நினைவுக் கற்கள். ஜெய்ன் மான்ஸ்ஃபீல்டுக்கு இங்கே கல் இருக்கிறது, ஆனால் அவர் உறங்குவது பென்சில்வேனியாவின் பென் ஆர்ஜில் ஊரில். ஹாட்டி மெக்டேனியலின் கல்லும் இப்படித்தான், ஆனால் அதன் காரணம் வேறு. ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் (இன்றைய ஹாலிவுட் ஃபாரெவர்) தன்னை அடக்கம் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு 1952-இல் இறந்தார். வெள்ளையர்களுக்கு மட்டும்தான் என்று அன்றைய நிர்வாகம் மறுத்துவிட்டது. 1998-இல் தோட்டம் கைமாறிய பின் புதிய உரிமையாளர் உடலை மாற்றித் தர முன்வந்தார். குடும்பத்தினர் கிளற விரும்பவில்லை. எனவே 1999-இல் குளத்தைப் பார்த்தபடி ஒரு நினைவுக் கல் மட்டும் வைத்தார்கள்.

அவரது உண்மையான கல்லறை ஏஞ்சலஸ் ரோஸ்டேலில், வாஷிங்டன் புலவார்டும் நார்மாண்டி அவென்யூவும் சந்திக்கும் இடத்தில். 1884-இல் தொடங்கிய இந்தத் தோட்டம் எல்லா இனத்தவருக்கும் ஆரம்பத்திலிருந்தே திறந்திருந்தது. சுற்றுலாப் பட்டியல்களில் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஹாலிவுட் ஃபாரெவரைப் பார்த்த அன்றே இங்கும் வர வேண்டும், இல்லாவிட்டால் அந்த நினைவுக் கல்லின் பொருள் முழுதாக விளங்காது. சீன-அமெரிக்க நடிகை ஆனா மே வாங்கும் இங்கேதான் இருக்கிறார். அவர் பெயரை ஆங்கில எழுத்தில் தேடிக்கொண்டு எத்தனை சுற்று வந்தாலும் பலனில்லை. கல்லின் மேலே ஆங்கிலத்தில் இருப்பது அவருடைய தாயாரின் பெயர். ஆனாவின் பெயர் வலப்பக்கம், சகோதரி மேரியின் பெயர் இடப்பக்கம், இரண்டும் சீன எழுத்தில், மேலிருந்து கீழாக. அந்தச் சீன எழுத்துகளை முன்பே போனில் படமாக வைத்துக்கொண்டு போனால், வலப்பக்கத்து வரியோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

கிளெண்டேலில் உள்ள ஃபாரஸ்ட் லான் கல்லறைத் தோட்டம் முற்றிலும் வேறு மாதிரி. 1917-இல் நிர்வாகத்தை ஏற்ற ஹூபர்ட் ஈட்டன், நிமிர்ந்த கற்களே வேண்டாம், புல்வெளியோடு சமமாகப் பதித்த பட்டயங்கள் போதும் என்று முடிவு செய்தார். புல் வெட்டும் இயந்திரம் தடையில்லாமல் ஓடும், பார்வைக்கும் பூங்கா போல இருக்கும். தேடி வருகிறவருக்கு இதனால் சிரமம்தான். பத்தடி தூரத்தில் நின்றால்கூட எழுத்து தெரியாது. புல் ஓரங்களில் ஏறி முதல் எழுத்தை மறைத்திருக்கும். தண்ணீர் தெளிப்பான் அடித்த மண் படிந்திருக்கும். அலுவலகத்தில் போய் நட்சத்திரங்களின் இடத்தைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் கொள்கை. வீட்டுப்பாடம் முடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இங்கே எதைப் பார்க்க முடியாது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் நேரம் மிச்சம். கிரேட் மசோலியம் என்ற பெரிய கல்லறைக் கட்டடத்தில் கிளார்க் கேபிள், கரோல் லொம்பார்ட், ஜீன் ஹார்லோ ஆகியோர் இருக்கும் நடைக்கூடங்கள் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. இயேசுவின் கடைசி விருந்தைக் காட்டும் வண்ணக் கண்ணாடி இருக்கும் கூடத்துக்கு மட்டுமே அனுமதி. ஹம்ஃப்ரி போகார்ட், மேரி பிக்ஃபோர்ட் இருக்கும் நினைவுத் தோட்டங்களுக்குப் பூட்டிய கதவு, சாவி உறவினர்களிடம்தான். இந்தக் கெடுபிடியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சுவிட்சர்லாந்தில் சார்லி சாப்ளினின் சவப்பெட்டியை 1978 மார்ச்சில் பணம் கேட்டுத் தோண்டித் திருடினார்கள். மீட்ட பிறகு கான்கிரீட் போட்டுத்தான் மறுபடி அடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

திறந்திருப்பவையே போதுமான அளவு இருக்கின்றன. ஃப்ரீடம் மசோலியத்தில் கிரேசி ஆலனும் ஜார்ஜ் பர்ன்ஸும் ஒரே மாடத்தில் இருக்கிறார்கள், ‘மீண்டும் ஒன்றாக’ என்ற பொருள் தரும் வாசகத்தோடு. கிளாரா போ, ஆலன் லாட், நாட் கிங் கோல், டோரத்தி டான்ட்ரிட்ஜ் எல்லாரும் அதே கட்டடம். வெளியே வந்து கட்டடத்தைப் பார்த்து நின்றால் நுழைவாயிலின் இடப்புறம் புதர்களுக்குப் பின்னால் வால்ட் டிஸ்னியின் சிறிய தோட்டம். பெயர் சுவரில் இருக்கிறது, தரையில் தேடாதீர்கள். ஸ்பென்சர் டிரேசியும் எரல் ஃப்ளினும் ஒரே தோட்டத்தில். ஜிம்மி ஸ்டூவர்ட்டுக்கு மட்டும் மேட்டில் ஏற வேண்டும், வீ கர்க் தேவாலயத்தை ஒட்டிய சரிவு. வெயில் ஏறும் முன் அதை முடித்துவிடுங்கள்.

கிளெண்டேலிலிருந்து 134 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் அதே பெயரில் இன்னொரு தோட்டம், ஹாலிவுட் ஹில்ஸ் ஃபாரஸ்ட் லான். பெட்டி டேவிஸின் வெள்ளைப் பளிங்குப் பேழை நினைவு முற்றத்தின் வெளியே நிற்பதால் தேடவே தேவையில்லை. ஸ்டான் லாரலும் பஸ்டர் கீட்டனும் இங்கே. லாரலின் கூட்டாளி ஆலிவர் ஹார்டியைப் பார்க்க வல்ஹாலா கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும், பர்பாங்க் விமான நிலையத்துக்குப் பக்கம்.

வெஸ்ட்வுட் கல்லறைத் தோட்டம் மிகச் சின்னது, ஒரு மணி நேரம் போதும். சிக்கல் வாசலைக் கண்டுபிடிப்பதில்தான். வில்ஷயர் புலவார்டில் நின்று பார்த்தால் அலுவலகக் கோபுரங்கள்தான் தெரியும். கிளெண்டன் அவென்யூ 1218 என்று போட்டு வந்து, கட்டடங்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில் நுழைய வேண்டும். மர்லின் மன்றோவின் மாடத்தை நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சுற்றியுள்ள பளிங்கு வெளிறியிருக்க, அவருடையது மட்டும் மங்கிப்போய் இளஞ்சிவப்பு ஏறியிருக்கும். காரணம் உதட்டுச்சாய முத்தங்கள். பளிங்கு நுண்துளைகள் கொண்ட கல். சாயத்திலுள்ள எண்ணெயும் மெழுகும் உள்ளே இறங்கிவிட்டால் துடைத்து எடுக்க முடியாது. துடைக்கத் துடைக்கக் கல்லும் தேயும். தயவுசெய்து முத்தமிடாதீர்கள், கையாலும் தடவாதீர்கள். பில்லி வைல்டர், ஜாக் லெமன், வால்டர் மாத்தோ மூவரும் இங்கே அதிகத் தூரமில்லாமல் இருக்கிறார்கள். மூவர் கல்லையும் நின்று படியுங்கள்.

கல்வர் சிட்டி பக்கம் இரண்டு இடங்கள் அடுத்தடுத்து. ஹோலி கிராஸ் கத்தோலிக்கத் தோட்டத்தில் குகைச் சிற்றாலயத்தைச் சுற்றியே பிங் கிராஸ்பி, பெலா லுகோசி, ரீட்டா ஹேவொர்த் மூவரையும் பார்க்கலாம். ஹில்சைட் யூதக் கல்லறைத் தோட்டம், சனிக்கிழமை மூடியிருக்கும். அங்கே ஆல் ஜோல்சனின் குவிமாடமும் அருவியும் 405 நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். யூதக் கல்லறைகளில் பூவுக்குப் பதில் சிறு கல் வைப்பது வழக்கம். மற்றவர் வைத்த கற்களை எடுக்கக் கூடாது.

தேதிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கல்லில் பொறித்திருப்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. கிராஸ்பி பிறந்தது 1903, கல்லில் 1904. மான்ஸ்ஃபீல்டின் நினைவுக் கல் 1933-க்குப் பதில் 1938 என்கிறது. மௌனப் பட நடிகை ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ் 1938-இல் இறந்து, 1991 வரை கல்லே இல்லாமல் கிடந்தார். நடிகர் ராடி மெக்டவல் தன் பெயரைச் சொல்லாமல் பணம் கொடுத்து வைத்த கல்லிலும், 1886-இல் பிறந்தவருக்கு 1890 என்றே இருக்கிறது. நட்சத்திரங்களின் வயதைக் குறைத்துச் சொல்வது அன்று விளம்பரத் துறையின் அன்றாட வேலை. அந்தப் பொய் பலருக்குக் கல் வரை வந்துவிட்டது. குறிப்பு எழுதும்போது கல்லில் உள்ளதைத் தனியாகவும் ஆவணத்தில் உள்ளதைத் தனியாகவும் எழுதுங்கள்.

படம் எடுப்பதற்கு உச்சி வெயில் ஆகாது. வெளிச்சம் நேர் மேலிருந்து விழுந்தால் பொறித்த எழுத்தில் நிழல் விழாது, படத்தில் எழுத்து காணாமல் போகும். காலையிலோ சாயங்காலமோ பக்கவாட்டு வெயிலில் எடுங்கள். நிழலில் இருக்கும் கல்லுக்கு ஒரு சிறு கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, எழுத்தின் மேல் குறுக்காக ஓடவிட்டால் போதும். மெருகேற்றிய கருங்கல்லில் உங்கள் உருவமே விழும், அதனால் கொஞ்சம் விலகி நின்று சாய்த்து எடுங்கள். எழுத்து தெரியவில்லை என்று சவர நுரை, சுண்ணக்கட்டி, மாவு எதையும் பூசக் கூடாது. நுரையின் அமிலம் நுண்துளைகளில் தங்கிப் பளிங்கை அரிக்கும். உதிர்ந்த புல்லைக் கையால் ஒதுக்கலாம், அதற்கு மேல் சுத்தம் செய்வது குடும்பத்தின், நிர்வாகத்தின் வேலை.

பூ வைக்க விரும்பினால், தரைப் பட்டயங்கள் பலவற்றில் பூக்குவளை தலைகீழாக மண்ணுக்குள் இறங்கியிருக்கும். மேலே தூக்கி, திருப்பி, பொருத்தித் திருக வேண்டும். அது குடும்பத்தின் சொத்து, எனவே அதைத் தொடாமல் கல்லுக்கு வெளியே புல்லில் வைப்பதே முறை. மண்டபக் கதவுகளை வெளி வாசலுக்கு முன்பே பூட்டிவிடுவது உண்டு, ஆகவே உள்ளே இருப்பவர்களை முதலில் பாருங்கள். பக்கத்தில் அடக்கம் நடந்தால் அந்தப் பகுதியை விட்டு விலகி, முடிந்த பிறகு வாருங்கள்.

பட்டியல் போடும்போதே சில பெயர்களை நீக்கிவிடலாம். கேரி கிராண்ட்டுக்குக் கல்லறை இல்லை, 1986-இல் தகனம் செய்துவிட்டார்கள். கிரேட்டா கார்போவின் அஸ்தி ஸ்டாக்ஹோமில், மார்லீன் டீட்ரிச் பெர்லினில், ஆட்ரி ஹெப்பர்ன் சுவிட்சர்லாந்தின் டோலோஷனாவில், கேத்தரின் ஹெப்பர்ன் ஹார்ட்ஃபோர்டில். ஜோன் கிராஃபோர்ட் ஃபெர்ன்கிளிஃபில். ஃப்ரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் மட்டும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கமே, சாட்ஸ்வொர்த்தின் ஓக்வுட் தோட்டத்தில். நகரின் வடமேற்குக் கோடி என்பதால் அதை மற்ற இடங்களோடு சேர்க்காமல் தனியாக ஒரு காலை வைத்துக்கொள்ளுங்கள்.