மோந்த்ரேயின் பீச் பழச் சுவர்கள்

பாரிஸ் வரைக்கும் போய் சுவர் பார்க்கக் கிளம்பியவன் நான். மெட்ரோ 9ஆம் தடத்தின் கிழக்குக் கோடி மோந்த்ரே. இறங்கி, தப்பான திசையில் கால் மணி நேரம் நடந்து, திரும்பி வந்து, ஒருவழியாக இடத்தைக் கண்டுபிடித்தேன். ஞாயிறு மதியம். ஒரு தோட்டத்தின் கதவு திறந்திருந்தது.

முதலில் ஏமாற்றம்தான். காரை பெயர்ந்த, அங்கங்கே சரிந்த சுவர்கள். ஒன்றரை ஆள் உயரம், அரை மீட்டர் கனம்.

பீச் மரத்துக்கு அவசரம் அதிகம். குளிர் முழுசாக விலகும் முன்பே பூத்துவிடும்; ஓர் இரவு உறைபனி போதும், பூவெல்லாம் கருகிவிடும். அதனால் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கே மரத்தைச் சுவரோடு ஒட்டி, விசிறி போல விரித்து வளர்த்தார்கள். பகலில் வாங்கிய வெயிலைச் சுவர் ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்கு விடும். காற்றைத் தடுக்கும். உச்சியில் துருத்தி நிற்கும் ஓட்டு விளிம்பு மழையைத் தள்ளிவிடும்.

கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, மேலே ஜிப்சம் சாந்து பூசியிருக்கிறார்கள். பிள்ளையார் சிலை செய்கிறோமே, அதே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்! பாரிஸ் வட்டாரத்து ஜிப்சம் குவாரிகளால்தான் அதற்கு அந்தப் பெயர். இந்தப் பூச்சில் ஆணி சுலபமாக இறங்கும். கிளையைச் சுற்றி ஒரு பழந்துணிக் கீற்று, அதன் மேல் ஓர் ஆணி, நேராகச் சுவரிலேயே. கம்பியும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். மரமே இல்லாத ஒரு சுவரில் துருப்பிடித்த ஆணி ஒன்று மிச்சமிருந்தது. நான் அதிக நேரம் பார்த்தது அதைத்தான்.

19ஆம் நூற்றாண்டின் உச்சத்தில் இங்கே 600 கிலோமீட்டர் சுவர், ஆண்டுக்கு 1.7 கோடி பழம் என்கிறார்கள். அப்புறம் ரயில் வந்தது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத தெற்கிலிருந்து பீச் வந்து இறங்க, இங்கே தோட்டங்கள் வீடுகளாயின. 2003இல் 8.5 ஹெக்டேரைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள்.

சாயங்காலம் காற்று சில்லென்று மாறியது. சுவரில் கை வைத்தேன், இன்னும் வெதுவெதுப்பு. மே மாத ராத்திரியில் மொட்டைமாடித் தரை இப்படிச் சூடு கக்கும்போது, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் திட்டியிருக்கிறேன். இங்கே முதுகைச் சாய்த்து நின்றுவிட்டேன், கதவைப் பூட்ட வந்தவர் சாவியைக் குலுக்கும் வரை.