ஜூன் 15-க்குக் காத்திருந்தோம்

2023 ஜூன் 14 இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. அமெரிக்காவில் பத்தாம் வகுப்பு முடித்த பையன்களுக்கு, கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1-ன் ஆண்கள் கூடைப்பந்து கோச்சுகள் நேரடியாக மெசேஜ் அனுப்பலாம், போன் செய்யலாம் என்று கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி அனுமதிப்பது ஜூன் 15-லிருந்துதான். நல்ல பையன்களுக்கு நள்ளிரவு 12 அடித்ததுமே போன் அதிர ஆரம்பித்துவிடும் என்று டீமில் மற்ற பெற்றோர் சொல்லி வைத்திருந்தார்கள். மகன் போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தான். மனைவி, பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மாதிரி சாமி விளக்கேற்றியிருந்தாள். 12:20-க்கு ஒரு மெசேஜ் வந்தது. அவனுடைய டீம் நண்பன் கேட்டிருந்தான்: "உனக்கு ஏதாவது வந்துச்சா?"

மறுநாள் மதியம் ஐந்து மின்னஞ்சல்கள் வந்தன. ஐந்திலும் கல்லூரி முத்திரை, கோச்சின் கையெழுத்து, "உங்கள் ஆட்டத்தை ஆர்வத்துடன் கவனித்து வருகிறோம்" என்ற வரி. கடைசியில் கோடை முகாமுக்குப் பணம் கட்டும் இணைப்பு. நான் பூரித்துப்போய் இரண்டு முகாம்களுக்குக் கட்டினேன். முதல் முகாமில் நூற்றைம்பது பையன்கள் இருந்தார்கள், அத்தனை பேருக்கும் அதே மின்னஞ்சல் போயிருந்தது. முகாம் அழைப்பு வேறு, ஆள் எடுப்பது வேறு என்று புரிய எனக்கு ஒரு கோடை ஆனது. தலைமை கோச் பையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடாத வரை அது வெறும் டிக்கெட் விற்பனை.

நான் கோயம்புத்தூர்க்காரன். பி.எஸ்.ஜி. கோப்பை ஆட்டங்களைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன். கல்லூரி டீமில் ஆடியிருக்கிறேன், பெரும்பாலும் பெஞ்சில். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்போர்ட்ஸ் கோட்டா: மாவட்டம், மாநிலம் என்று ஆடிய சர்டிஃபிகேட்டைக் காட்டு, செலக்‌ஷனுக்குப் போ, சீட் உண்டா இல்லையா என்று அன்றே தெரிந்துவிடும். இங்கே வட கரோலினாவில், கேரியில், அரை மணி நேரக் கார் தூரத்துக்குள் டியூக், வட கரோலினா, என்.சி. ஸ்டேட் என்று கல்லூரிக் கூடைப்பந்தின் மூன்று பெரிய பெயர்கள் இருக்கின்றன. இதுவும் அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பெரிய அளவில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பையன் ஆறடி ஒரு அங்குலம். எங்கள் வம்சத்தில் அது அதிசயம். தாய்மாமன் கொடுத்த உயரம். இங்கே பந்தை எடுத்துவந்து ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு (guard) இடத்துக்குக்கூட அது கொஞ்சம் குறைச்சல்தான்.

பதினோராம் வகுப்பு முழுக்க ஓடினோம். ஊர் ஊராகப் போய் ஆடும் பயண டீம், ஹோட்டல், பெட்ரோல், ஷூ என்று ஒரு கோடைக்கு நாலாயிரம் டாலர் போனது. ஹடல் என்ற வீடியோ தளத்தில் ஹைலைட் வீடியோ ஏற்றினோம். ஆள் பிடித்துத் தருகிறோம் என்ற ஒரு நிறுவனத்துக்கும் பணம் கட்டினேன். அவர்கள் செய்தது என் மகனின் வீடியோவை ஊரில் இருக்கிற எல்லா கோச்சுக்கும் ஒரே மாதிரி அனுப்பியது. நாங்கள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் என்சிஏஏ தகுதி மையத்தில் சீக்கிரமே பதிந்ததுதான். டிவிஷன் 1-க்கு 16 முக்கியப் பாடங்கள் வேண்டும், அதில் 10 பாடங்களை பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். இது தெரியாமல் கடைசி வருஷத்தில் முழிக்கிற பையன்கள் நிறைய. எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண் கேட்பதை 2023-லேயே எடுத்துவிட்டார்கள்.

2024 ஜூலையில் தென் கரோலினாவின் ராக் ஹில்லில் ஒரு போட்டி. ஒரே கூரைக்கு அடியில் வரிசையாகக் கோர்ட்டுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தங்கள் கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையோடு கோச்சுகள். முதல் ஆட்டத்தில் மகன் 19 புள்ளிகள் எடுத்தான். எங்கள் கோர்ட் ஓரத்தில் இருந்த நான்கு பேரில் மூன்று பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் நாச்சோஸ் வாங்குகிற வரிசையில், போனைப் பார்க்காத அந்த நாலாவது ஆளிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு டிவிஷன் 2 கல்லூரியின் அசிஸ்டெண்ட் கோச். மகன் நன்றாக ஆடுகிறான் என்றார். எடுப்பீர்களா என்று கேட்டேன். நம்மூர் ஆள் அப்படித்தானே கேட்போம். அவர் சிரித்துவிட்டு, ஒளிக்காமல் சொன்னார்:

"சார், என் தலைமை கோச்சுக்கு இந்த வருஷம் ஜெயிக்கணும். 17 வயசுப் பையனை எடுத்து ரெண்டு வருஷம் வளர்த்தா, மூணாவது வருஷம் அவன் பெரிய இடத்துக்குப் போயிடுவான். நாங்க இப்போ ஸ்கூல் பசங்களைப் பார்த்து வைக்கறதே, ரெண்டு வருஷம் கழிச்சு அவங்க போர்ட்டல்ல வரும்போது நம்ம முகம் ஞாபகம் இருக்கணும்னுதான்."

அந்த வரிசையில் நின்றபோதுதான், செய்தியாகப் படித்துத் தள்ளியதெல்லாம் என் வீட்டு விஷயமாக மாறியது. அவர் சொன்ன போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், 2018 அக்டோபரில் வந்தது. அப்போது மாறுகிறவன் பெரும்பாலும் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-ல் ஒரு முறை மட்டும் உட்காராமல் மாறலாம் என்றார்கள். 2024 ஏப்ரலில், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆகிவிட்டது. நடுவில் 2021 ஜூலை 1 முதல் தன் பெயரையும் முகத்தையும் வைத்து ஆட்டக்காரன் சம்பாதிக்கலாம், என்ஐஎல் என்கிறார்களே, அது. இது போதாதென்று, கோவிட் வருஷத்தில் ஆடிய எல்லோருக்கும் ஆடும் தகுதி ஒரு வருஷம் இலவசமாகக் கூடியது. ஆக என் பையன் போட்டி போடுவது பக்கத்து ஊர்ப் பள்ளிப் பையனோடு என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் அவனுக்கு எதிரே நின்றது தாடி வைத்த, நூறு கல்லூரி ஆட்டம் ஆடிய 23 வயது ஆள்.

சரி, இருந்தாலும் ஆகஸ்டில் ஒரு ஆஃபர் வந்தது. நான்கு மணி நேரத் தொலைவில் ஒரு சிறிய டிவிஷன் 1 கல்லூரி. வாய்மொழிதான். தலைமை கோச்சே போனில் பேசினார், மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மனைவி ஊருக்குப் போன் போட்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது, வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு 2019-ல் தேசியக் கோப்பை வாங்கிக் கொடுத்த கோச் டோனி பென்னட் திடீரென்று ஓய்வு பெற்றார். இந்தப் புதிய சூழலுக்கு நான் சரியான ஆள் இல்லை என்று கண்ணீரோடு சொன்னார். அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அதே மாதம்தான், இந்தக் கல்லூரிக்குத்தான் வருவேன் என்று பையன் கையெழுத்துப் போடும், பல பத்தாண்டுகளாக இருந்து வந்த தேசிய ஒப்பந்தக் கடிதத்தையும் என்சிஏஏ ஒழித்தது. இனி கல்லூரி தரும் நிதியுதவி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். நவம்பரில் கையெழுத்து நேரம் வந்தபோது அந்த கோச், "அவசரமே இல்லை, வசந்தத்தில் போட்டுக்கொள்ளலாம், இடம் உங்களுடையதுதான்" என்றார். எங்களுக்கு அது மரியாதையாகவே தோன்றியது.

நிச்சயம் பண்ணிவிட்டு முகூர்த்த நாளை மட்டும் தள்ளிக்கொண்டே போகிற மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நம் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? நான்தான் யோசிக்கவில்லை.

2025 மார்ச் 24 போர்ட்டல் திறந்தது. அதுவரை வாரத்துக்கு இரண்டு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்த அசிஸ்டெண்ட் கோச் அந்த வாரமே ஊமையானார். அந்த முப்பது நாளில் டிவிஷன் 1 ஆண்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல் தங்கள் பெயரைப் போட்டார்கள். மொத்தக் கல்லூரிகளே முந்நூற்று அறுபது சொச்சம். மனைவி தினமும் காலையில் காபியோடு அந்தக் கல்லூரியின் பெயரைத் தேடிப் பார்ப்பாள். "என்னங்க, இன்னொரு கார்டு எடுத்துட்டாங்க" என்பாள். மூன்றாவது கார்டு வந்த அன்று நானே போன் செய்தேன். எடுக்கவில்லை. நான்காவது ஆளுக்குப் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை, அசிஸ்டெண்ட் கோச் மகனுக்கு நேரடியாகப் போன் செய்து ஆறு நிமிடம் பேசினார். ஆஃபரை எடுத்துவிட்டோம் என்று சொல்லவில்லை. "ஒரு வருஷம் ஏதாவது பிரெப் ஸ்கூலில் ஆடிவிட்டு வந்தால் பார்க்கலாம்" என்றார். பள்ளி முடித்தவன் கல்லூரிக்கு முன்னால் ஆடுகிற அந்த ஒரு வருஷத்துக்கு யார் பணம் கட்டுவது என்று அவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அவரை நான் முழுதாகத் திட்டவும் முடியவில்லை. அந்த ஏப்ரல் 7 இரவு தேசியக் கல்லூரிக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை நாங்கள் மூவரும் பேசாமல் உட்கார்ந்து பார்த்தோம். ஃப்ளோரிடா 65, ஹூஸ்டன் 63. ஃப்ளோரிடாவுக்காகத் தொடங்கிய மூன்று கார்டுகளும் வேறு இடத்தில் வளர்ந்தவர்கள்: வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து, அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லான்டிக்கிலிருந்து. சின்னக் கல்லூரிகள் நாற்றங்காலாகிவிட்டன. விதை வாங்கி, தண்ணீர் பாய்ச்சி, நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும் பெரிய பண்ணைக்காரன் வந்து பிடுங்கிக்கொண்டு போகிறான். அப்படியிருக்க, நாற்றங்கால்காரன் மட்டும் எதற்கு விதை வாங்க வேண்டும்? அவனும் பக்கத்து வயலில் வளர்ந்த நாற்றைத்தான் தேடுவான்.

நடுவில் ஒரு அற்ப சந்தோஷமும் பட்டேன். கல்லூரி ஆட்டக்காரர்கள் பணம் கேட்டு என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசப்படி டீமுக்கு 13 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு போய், டீமில் மொத்தமே 15 பேர் என்ற ரோஸ்டர் வரம்பு வருகிறது என்று படித்தேன். ஆஹா, இரண்டு இடம் கூடுகிறதே! பயண டீம் கோச் பொறுமையாக விளக்கினார். சம்பளப் பணம் இருக்கிற இடத்தில் அந்த இரண்டும் போர்ட்டலுக்குப் போகும். இல்லாத இடத்தில் காலியாகக் கிடக்கும். ஸ்காலர்ஷிப் இல்லாமல் டீமில் ஒட்டிக்கொண்டிருந்த வாக்-ஆன் பையன்களின் இடம்தான் இதில் அடிபடும். ஜூன் 6 அன்று நீதிபதி அந்தச் சமரசத்தை ஏற்றார். ஜூலை 1 முதல் கல்லூரியே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், எல்லா விளையாட்டும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு முதல் வருஷ உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அதற்குள் எங்கள் கதை முடிந்திருந்தது.

பணம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. ஏப்ரல் கடைசியில் வேறொரு டிவிஷன் 2 கல்லூரி கூப்பிட்டது. அங்கே ஆண்கள் கூடைப்பந்துக்குப் பத்து ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான பணம், அதைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கலாம். எங்களுக்குச் சொன்னது கால் பங்கு. "ஊரில் ஒரு கார் விற்பனைக்காரர் இருக்கிறார், நம் பையன்களுக்கு மாதம் 300 டாலர் கொடுப்பார், இரண்டு போட்டோ எடுத்துக்கொள்வார்" என்று கோச் சேர்த்துச் சொன்னார். நான் எச்-1பி வேலை விசா. அவன் ஏழு வயதில் எங்களோடு வந்தவன், குடும்பத்தாருக்கான எச்-4 விசா. படிக்கலாம், ஸ்காலர்ஷிப் வாங்கலாம், ஆனால் சம்பாதிக்கக்கூடாது. கோச்சுக்கு எச்-4 என்றால் என்னவென்றே தெரியவில்லை. "மாணவர் விசா மாதிரிதானே?" என்றார்.

மாணவர் விசாவிலும் சிக்கல்தான். கனடாக்காரரான பர்டூ பல்கலைக்கழகத்தின் ஸாக் ஈடி, 2023, 2024 இரண்டு வருஷமும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர், தன் சக ஆட்டக்காரர்களைப் போல விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்க முடியாமல் இருந்தவர். கென்டக்கிக்கு ஆடிய காங்கோ நாட்டவர் ஆஸ்கர் ஷீப்வே, 2022-ல் டீம் பஹாமாஸ் போனபோது அமெரிக்காவுக்கு வெளியே என்பதால் அங்கே வைத்து ஒப்பந்த வேலைகளை முடித்தார். என் மகன் ஷீப்வே இல்லை. முந்நூறு டாலருக்காக பஹாமாஸ் போக முடியாது. வக்கீல் ஒரே வரியில் பதில் எழுதினார்: "தொடாதீர்கள். கிரீன் கார்டு வரிசையில் இருக்கிறீர்கள்." அந்த ஒரு வரிக்கும் பில் வந்தது. அவனுக்கு 21 ஆனதும் எச்-4-ம் போய்விடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அது தனிக் கதை.

கடைசியில் பென்சில்வேனியாவில் ஒரு டிவிஷன் 3 கல்லூரி. டிவிஷன் 3-ல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. மதிப்பெண்ணுக்காகக் கொடுத்த உதவித்தொகை பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. எச்-4 என்பதால் அரசு உதவிக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை. மீதி என் சேமிப்பு. அந்த கோச்சிடம் நாங்கள் கேட்ட கேள்விகளை முதல் ஆளிடமே கேட்டிருக்க வேண்டும். என் பையனுக்கு முன்னால் எத்தனை கார்டுகள், ஒவ்வொருவனுக்கும் எத்தனை வருஷம் மிச்சம்? போன வருஷம் வெளியிலிருந்து எத்தனை பேரை எடுத்தீர்கள்? முதல் வருஷப் பையன் போன சீசனில் எத்தனை நிமிடம் ஆடினான்? உங்கள் ஒப்பந்தம் எப்போது முடிகிறது? கடைசிக் கேள்விக்கு அவர் கொஞ்சம் திடுக்கிட்டார், ஆனால் பதில் சொன்னார். எதை எப்போது எழுத்தில் தருவீர்கள் என்று கேட்டதற்கு, அன்று மாலையே அனுப்பினார்.

முதல் நான்கு ஆட்டத்தில் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். டிசம்பரில் ஒரு மூத்தவனுக்குக் கணுக்கால் பிசகியது. அதற்குப் பிறகு இவன் தொடர்ந்து ஆடினான். ஒரு ஆட்டத்தில் 22 புள்ளிகள். நேரலையில் கேமரா பாதி நேரம் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தது. ஊரில் தாய்மாமன் விடியற்காலையில் எழுந்து அதையும் பார்த்தார்.

போன வாரம் விடுமுறைக்கு வந்திருந்தான். இரவு தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பழைய பயண டீம் கோச்சிடமிருந்து மெசேஜ் வந்தது. வேறு டீமில் இருக்கும் பையனிடம் கல்லூரிக்காரர்கள் நேராகப் பேசக்கூடாது, அதனால் இப்படிச் சுற்றித்தான் வரும். ராக் ஹில்லில் நாச்சோஸ் வரிசையில் நின்றவர் விசாரித்தாராம். பையன் அங்கே சந்தோஷமாக இருக்கிறானா என்று மட்டும் கேட்டாராம்.

"என்னப்பா சொல்றது?" என்றான். மனைவி அடுப்படியிலிருந்து, "முதல்ல அந்த கோச்சோட ஒப்பந்தம் எப்ப முடியுதுன்னு கேளு" என்றாள்.

அவன் இன்னும் பதில் அனுப்பவில்லை.